பதினேழாம் பரிந்துரை

ராகவேந்திரா: ...அப்படி இல்ல வேதா. குரல்ல ஒரு நடுக்கம் வேணும். "எனக்கு ஆப்பிரிக்கான்னா பயம் மேடம்." எங்க, இன்னொரு தடவை சொல்லு.

வேதவல்லி: எனக்குப் பசி. விடியறதுக்கு முன்னாடி ஆஸ்பத்திரிக்குப் போனவ இப்பதான் வீட்டுக்குள்ள கால் வச்சிருக்கேன். ரெண்டு தோசை தின்னுட்டுப் பயப்படுறேனே.

ராகவேந்திரா: அஞ்சு மணிக்கு அந்தம்மா கூப்பிட்டுடும். டாக்டர் முலேங்கா. லுசாகாவுல இருந்து.

வேதவல்லி: உங்களைத்தானே கூப்பிடறாங்க. நீங்க பேசுங்க, நான் தோசை வாத்துக்கிட்டே கேக்கறேன்.

சுபாங்கன்: இல்லை அக்கா. இண்டைக்கு அண்ணையோட கதைக்க மாட்டாவாம். உங்களோடதான். தனிய.

வேதவல்லி: சுபாங்கனா? நீ எப்ப வந்த? சோஃபாவுக்குப் பின்னாடி என்ன பண்ற?

சுபாங்கன்: லாப்டொப்புக்கு வயர் கொழுவிறன். பரமட்டா ஒஃபிஸைப் பூட்டிப்போட்டு நேர இஞ்சதான் வந்தனான். அண்ணை போன் எடுத்து, "கம்பனி கவிழப் போகுது, ஓடி வா" எண்டார்.

வேதவல்லி: ரெண்டு பேர் இருக்கற கம்பெனி. கவிழ்ந்தா சத்தம்கூட வராது.

ராகவேந்திரா: கிண்டல் அப்புறம் வேதா. இது சாதாரண வேலை இல்ல. அந்தம்மா நடத்தறது ஆப்பிரிக்கக் கண்டம் முழுக்கப் பொருளாதாரக் கொள்கை வகுக்கற மன்றம். அதுக்குத் தலைமை ஆலோசகர். ஒரு கண்டமே என் கையெழுத்துக்குக் காத்துக்கிட்டு இருக்கு.

வேதவல்லி: பின்பக்க வேலி போட கவுன்சில்காரன் உங்க கையெழுத்தை மூணு தடவை திருப்பி அனுப்பினான். சரி... கண்டத்துக்கு என்கிட்ட என்ன வேலை?

ராகவேந்திரா: அது ஒரு சின்ன சிக்கல்...

சுபாங்கன்: சின்னன் இல்லை அக்கா. தலைமை ஆலோசகர் லுசாகாவில போய் இருக்கவேணுமாம். ரெண்டு வருசம். அங்கயே வீடெடுத்து, அங்கத்தச் சந்தையில மரக்கறி வாங்கி, அங்கத்த பஸ்ஸில ஏறி...

வேதவல்லி: இவரா? பஸ்ஸா? நம்ம கெல்லிவில்லுக்கு மெட்ரோ வந்து எத்தனை வருஷமாச்சு. ஸ்டேஷனுக்கு வாசல் எந்தப் பக்கம்னு இவருக்குத் தெரியாது.

ராகவேந்திரா: கொள்கைங்கறது உயரத்துல இருந்து பாக்கற விஷயம் வேதா. கிட்டப் போனா தெளிவு போயிடும்.

வேதவல்லி: அதான் பதினஞ்சு வருஷமா இவ்வளவு தெளிவா இருக்கீங்க.

ராகவேந்திரா: எவனோ ஒரு அறிவுகெட்டவன் இப்படி ஒரு விதியை எழுதி வச்சிருக்கான்...

சுபாங்கன்: அண்ணை, அந்த விதி...

ராகவேந்திரா: நீ வயரை மாட்டு.

சுபாங்கன்: அக்காவுக்குச் சொல்லத்தானே வேணும். அந்த விதி எங்கட அறிக்கையிலதான் அக்கா இருக்கு. போன வருசம் அந்த மன்றத்துக்கு நாங்கள் குடுத்த அறிக்கை. பதினேழாம் பரிந்துரை. "வெளிநாட்டு வல்லுநர்கள் விமானத்தில் வந்து விமானத்தில் திரும்பும் வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். எந்த மக்களுக்குக் கொள்கை எழுதுகிறார்களோ அந்த மக்களோடு இரண்டு ஆண்டுகள் வாழ வேண்டும்."

வேதவல்லி: நல்லாத்தான் இருக்கு. யார் எழுதினது?

ராகவேந்திரா: இவன்தான்.

சுபாங்கன்: ஐயோ, நான் இல்லை. அண்ணைதான்.

ராகவேந்திரா: நான் அப்படி எழுதுவேனா? என்னை எனக்குத் தெரியாதா? நான் எப்பவும் பதினாறு பரிந்துரைதான். பதினாறு எனக்கு ராசி. எந்த அறிக்கையை வேணா எடுத்துப் பாரு... சுரங்கமா, பதினாறு. மீன்பிடியா, பதினாறு. பருத்தியா, பதினாறு.

சுபாங்கன்: நான் வரைபடமும் அட்டையும் மட்டும்தான். முன்பக்கத்தில யானையின்ர படம் போட்டது நான், அதை ஒத்துக்கொள்ளுறன். உள்ளுக்கு ஒரு எழுத்தும் தொடேல்லை. இந்தச் சிக்கல் வரும்வரைக்கும் வாசிக்கவும் இல்லை, சத்தியமா.

வேதவல்லி: எழுதினவருக்கும் தெரியாது, அட்டை போட்டவனுக்கும் தெரியாது. ஆனா ஒரு கண்டத்துக்கு அனுப்பியாச்சு.

ராகவேந்திரா: அறிக்கைங்கறது படிக்கறதுக்கு இல்ல வேதா, சமர்ப்பிக்கறதுக்கு. இத்தனை வருஷத்துல எந்த அரசாங்கமாவது என் பரிந்துரை ஒண்ணை நிறைவேத்தியிருக்கா? ஒண்ணு? அதான் இந்தத் தொழிலோட அழகே. யாரும் செய்ய மாட்டாங்கங்கற நம்பிக்கை இருந்தாத்தான் துணிஞ்சு எழுத முடியும்.

சுபாங்கன்: முதல் முதலா நிறைவேறினது இதுதான் அக்கா. அதுவும் அண்ணையின்ர தலையிலயே விழுந்திட்டுது.

வேதவல்லி: மத்த பதினாறும் என்னவாம்?

சுபாங்கன்: அது... ஆறாவது, முந்தின அறிக்கையள் ஏன் நிறைவேறேல்லை எண்டு ஆராய ஒரு குழு. பதினோராவது, அந்தக் குழுவுக்கு ஆலோசகர்.

வேதவல்லி: ஆலோசகர் யாருன்னு பன்னெண்டாவதுல இருக்குமே.

ராகவேந்திரா: சிரி, சிரி. ஐம்பத்து நாலு நாடு. அத்தனைக்கும் பொருந்தற மாதிரி ஒரே ஒரு கட்டமைப்பு. அதை யோசிக்க ஒரு தலை வேணும்.

வேதவல்லி: ஐம்பத்து நாலு பேருக்கு ஒரே மருந்தை எங்க வார்டுல குடுத்தா லைசென்ஸைப் பிடுங்கிடுவாங்க. உங்களுக்குப் பொன்னாடை போத்தறாங்க.

ராகவேந்திரா: மணி ஆகுது...

வேதவல்லி: சரி, போயிட்டுத்தான் வாங்களேன். ரெண்டு வருஷம்தானே.

ராகவேந்திரா: விளையாடறியா? இங்க யார் பாத்துப்பா? கிரவீன் ஹால்ல மாசாமாசம் சிந்தனை வட்டம், என் தலைமையில. புல் வெட்டணும்...

வேதவல்லி: புல்லை வெட்ட வர்ற ஆள் வெட்டுவான். இப்பவும் அவன்தான் வெட்டறான். நீங்க ஜன்னல் வழியா ஆலோசனை சொல்றீங்க.

சுபாங்கன்: விதியில ஒரு ஓட்டை இருக்கு அக்கா. குடும்பம் வர ஏலாட்டி, ஆலோசகர் தன்ர வீட்டில இருந்தே வேலை செய்யலாம். ஆனா அதைப் புருசன் சொன்னா ஏற்க மாட்டினம். மனிசியின்ர வாயாலயே கேக்கவேணுமாம்.

ராகவேந்திரா: பாரு. ஒரு பொருளாதார நிபுணர்கிட்ட, உன் பொண்டாட்டியைக் கூப்பிடுங்கறாங்க. எங்கயாவது கேள்விப்பட்டிருக்கியா?

வேதவல்லி: அதுவும் பதினேழாவதுலதானா?

சுபாங்கன்: ஓம். அதின்ர கடைசி வரி.

வேதவல்லி: ம்... யோசிச்சுத்தான் எழுதியிருக்காங்க.

ராகவேந்திரா: அதனால நீ பெருசா ஒண்ணும் பேச வேண்டாம். நான் ஏற்கெனவே எல்லாம் சொல்லி வச்சிருக்கேன். நீ ஆமா போட்டா போதும்.

வேதவல்லி: என்ன சொல்லி வச்சிருக்கீங்க?

ராகவேந்திரா: பொதுவா... ஒரு சித்திரம்.

சுபாங்கன்: பிளேன் எண்டா உங்களுக்குப் பயமாம்.

வேதவல்லி: வருஷா வருஷம் தனியா திருச்சிக்குப் போயிட்டு வர்றேன்.

சுபாங்கன்: நுளம்பைக் கண்டா மயங்கி விழுறனீங்களாம்.

வேதவல்லி: கொசுவைக் கண்டா? தொத்து நோய் வார்டுக்கு நான்தான் பொறுப்பு.

சுபாங்கன்: சைவச் சாப்பாடு இல்லாட்டி உயிரே போயிடுமாம்.

வேதவல்லி: லுசாகாவுல களியும் கீரையும்தான் வீட்டுச் சாப்பாடு. கீரையில நிலக்கடலையை இடிச்சுப் போடுவாங்க. வாரத்துல ரெண்டு நாள் நான் அதைத்தான் சாப்பிடறேன்.

ராகவேந்திரா: நீ எங்க சாப்பிடற?

வேதவல்லி: சிலேஷேவோட டப்பாவுல இருந்து. என் வார்டு நர்ஸ். லுசாகாக்காரி. உங்க அறிக்கையில "மூளை வெளியேற்றம்"னு ஒரு அத்தியாயம் இருக்கே, அதுல வெளியேறின மூளை ஒண்ணு என்கூடத்தான் மத்தியானம் சாப்பிடுது. என் புளியோதரையை அவ சாப்பிடுவா.

சுபாங்கன்: இன்னும் ஒண்டு இருக்கு அக்கா...

ராகவேந்திரா: போதும்டா.

சுபாங்கன்: உங்களுக்கு இங்கிலீஷ் அவ்வளவா வராதாம்.

வேதவல்லி: ...

சுபாங்கன்: அக்கா?

வேதவல்லி: இல்ல, மனசுக்குள்ள மொழிபெயர்த்துக்கிட்டு இருந்தேன். ஏங்க, உங்க அறிக்கைக்கெல்லாம் கமா போடறது யாரு?

ராகவேந்திரா: கமா வேற, மொழி வேற. வேதா, இது தனிப்பட்ட விஷயமே இல்ல. இது ஒரு உத்தி.

வேதவல்லி: எத்தனை நாளா இந்த உத்தி?

ராகவேந்திரா: அதெல்லாம் இப்ப எதுக்கு...

சுபாங்கன்: நான் வேலைக்குச் சேர்ந்த நாளில இருந்து கேக்கிறன். நைரோபியில கூப்பிட்டவை, அக்ராவில கூப்பிட்டவை, டக்காரில... எல்லா இடத்துக்கும் ஒரே பதில்தான். "வரலாம், ஆனா மனைவி..."

வேதவல்லி: மனைவி விட மாட்டேங்கறா.

ராகவேந்திரா: குடும்பம்னா அங்க ரொம்ப மரியாதை குடுப்பாங்க. அந்தக் கலாசார நுட்பம் எனக்குத் தெரியும். அதைப் பயன்படுத்திக்கிட்டேன்.

வேதவல்லி: அப்ப மோனிகா சொன்னது சரிதான்.

ராகவேந்திரா: எந்த மோனிகா?

வேதவல்லி: பக்கத்துத் தெரு. அவ பொண்ணு அரங்கேற்றத்தப்ப, சாப்பாட்டு வரிசையில என் கையைப் பிடிச்சுக்கிட்டா. "தப்பா எடுத்துக்காதீங்க அக்கா, உங்க வீட்டுக்காரர் ஒரு கண்டத்தையே தூக்கி நிறுத்தியிருப்பாராமே, நீங்க கொஞ்சம் விட்டுக் குடுத்திருந்தா." பின்னாடி நின்ன நாலு பேரும் தலையை ஆட்டறாங்க. கெல்லிவில்ல இன்னிக்கு யாரைக் கேட்டாலும் ஆப்பிரிக்காவோட வறுமைக்குக் காரணம் நான்தான்.

சுபாங்கன்: ஐயோ... இது எப்ப அக்கா?

வேதவல்லி: போன வருஷம். இவர் அந்த அறிக்கையை முடிச்சுக்கிட்டு இருந்த சமயம்.

ராகவேந்திரா: அப்பவே என்கிட்டக் கேட்டிருக்கலாமே.

வேதவல்லி: கேட்டா ஒரு குழு போடுவீங்க.

ராகவேந்திரா: சரி, தப்புத்தான். மன்னிச்சுக்கோ. இப்ப போயி அந்தப் பட்டுப்புடவையைக் கட்டிக்கிட்டு வா. யூனிஃபார்மோட உக்காந்தா நடுங்கற மாதிரியே இருக்காது. சுபாங்கன், அந்த மர ஒட்டகச்சிவிங்கியைக் கேமராவுல தெரியற மாதிரி நகத்து.

சுபாங்கன்: இது அண்ணை ஆப்பிரிக்காவில வாங்கினதோ?

வேதவல்லி: இங்க பக்கத்துல, காசில் ஹில் கடையில வாங்கினது. அடியில எந்த நாட்டுச் சரக்குன்னு ஒட்டியிருந்தது. பிளேடால சுரண்டி எடுத்துட்டார்.

சுபாங்கன்: அப்ப அந்த வெப்சைட்டில, "நீண்ட கள அனுபவம்" எண்டு...

வேதவல்லி: ஜொஹானஸ்பர்க் ஏர்போர்ட்டு. பிரேசில் மாநாட்டுக்குப் போறப்ப விமானம் மாறினார். மழையால விமானம் தாமதம். அதான் அனுபவம் நீண்டு போச்சு.

ராகவேந்திரா: அந்த லவுஞ்சுல நான் அமைச்சரக அதிகாரி ஒருத்தர்கிட்டப் பேசினேன். முக்கால் மணி நேரம். எல்லை தாண்டின வர்த்தகம், சுங்க வரி, பருத்தி வெளிய போயி சட்டையாத் திரும்பி வர்ற அவலம்...

வேதவல்லி: அவர் என்ன சொன்னார்?

ராகவேந்திரா: நான்தான் பேசினேன்னு சொன்னேனே.

சுபாங்கன்: அண்ணை, ஒருக்கா ஒத்திகை பாப்பமே? நான் டாக்டர் முலேங்கா. ம்ம்... "வணக்கம் அம்மா. உங்கள் கணவரோடு இங்கு வந்து வாழ உங்களுக்கு ஏதும் தடை உண்டா?"

வேதவல்லி: "தடை ஒண்ணுதான். என் கணவர்."

ராகவேந்திரா: வேதா.

சுபாங்கன்: "அவர் எங்கள் கண்டத்தைப் பற்றி ஆழமாகச் சிந்திப்பவர் அல்லவா?"

வேதவல்லி: "சோஃபாவுல ஒரு பள்ளம் இருக்கு. அவ்வளவு ஆழம்."

ராகவேந்திரா: உங்க ரெண்டு பேருக்கும் இது வேடிக்கையா இருக்கு இல்ல? இந்த ஒப்பந்தம் போச்சுன்னா பரமட்டா ஆஃபீஸ் போச்சு. இவனுக்கு வேலை போச்சு. எனக்கு... எனக்கு வயசு ஐம்பத்தெட்டு. இனிமே எந்தக் கண்டம் என்னைக் கூப்பிடும்?

சுபாங்கன்: அது உண்மைதான் அக்கா. போன கிழமைதான் பிள்ளையைச் சைல்ட் கேர்ல சேர்த்தனான்.

வேதவல்லி: போனா ஒண்ணும் போகாதே. கிளம்பிப் போனா ஆஃபீஸும் இருக்கும், வேலையும் இருக்கும். ஏங்க... நெஜமாவே எதுக்குப் பயப்படறீங்க? கொசுவா? பஸ்ஸா?

ராகவேந்திரா: பயமெல்லாம் இல்ல.

வேதவல்லி: சுபாங்கன் இருக்கான்னு பாக்காதீங்க. அவனும் நம்மாளுதான்.

ராகவேந்திரா: ...அங்க போனா ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும் வேதா.

வேதவல்லி: என்ன?

ராகவேந்திரா: எனக்கு ஒண்ணும் தெரியாதுங்கறது.

சுபாங்கன்: அண்ணை, அது லேசில கண்டுபிடிக்க மாட்டினம்.

வேதவல்லி: இங்க இருந்தே தெரியுதுங்க. அவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். நீங்க அந்தம்மாவுக்கு முதல் தடவை ஃபோன் பண்ணினப்ப அங்க ராத்திரி மூணு மணின்னு உங்களுக்குத் தெரியல. எழுந்து உக்காந்து பேசியிருக்காங்க, பாவம். அப்படியும் வாங்கன்னு கூப்பிடறாங்கன்னா, தெரிஞ்சேதான் கூப்பிடறாங்க.

ராகவேந்திரா: அது உனக்கு எப்படித் தெரியும்? மூணு மணி விஷயம்?

வேதவல்லி: நீங்க தூக்கத்துல உளறுவீங்க.

சுபாங்கன்: அண்ணை, அடிக்குது. லுசாகா.

ராகவேந்திரா: ஐயய்யோ. புடவை... வேதா, புடவை கட்டலையே.

வேதவல்லி: இருக்கட்டும். நீங்க ரெண்டு பேரும் வெளிய போங்க. தனியாப் பேசணும்னு விதி.

சுபாங்கன்: வாங்கோ அண்ணை, குசினிக்குள்ள நிப்பம். அங்க நிண்டாலும் கேக்கும்.

ராகவேந்திரா: நடுக்கம் வேதா. நடுக்கத்தை மறந்துடாத.

வேதவல்லி: வணக்கம், டாக்டர் முலேங்கா. ஆமாம், வேதவல்லிதான் பேசுகிறேன்... காலை வணக்கம். அங்கே இப்போது ஒன்பது மணி இருக்குமே... யார், உங்கள் பக்கத்தில் இருப்பவரா? மொழிபெயர்ப்பாளரா? எனக்காகவா? ரொம்ப நன்றி. அவருக்கு ஒரு தேநீர் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

ராகவேந்திரா: என்னடா சொல்றா?

சுபாங்கன்: நல்ல இங்கிலீஷ் அண்ணை. உங்கடையை விட நல்லா இருக்கு.

வேதவல்லி: இல்லை, விமானப் பயம் இல்லை... கொசுவா? என் வேலையே அதோடுதான்... இல்லை, உடம்பு நன்றாகவே இருக்கிறது. யார் சொன்னது? ஓ, அவரா. அவர் கொள்கை வகுப்பவர் டாக்டர். தகவல் எல்லாம் அவர் வேறு யாரிடமாவதுதான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

ராகவேந்திரா: முடிஞ்சுது. எல்லாம் முடிஞ்சுது.

சுபாங்கன்: சத்தம் போடாதேங்கோ.

வேதவல்லி: வருவதில் எனக்கு ஒரு தடையும் இல்லை. ஆஸ்பத்திரியில் விடுப்புக்கூட வாங்கிவிட்டேன்... ஆமாம், இரண்டு ஆண்டுக்கு.

ராகவேந்திரா: விடுப்பா? எப்ப வாங்கினா? சுபாங்கன், இவ எப்ப...

சுபாங்கன்: எனக்கெப்பிடித் தெரியும் அண்ணை. நான் அட்டை மட்டும்தானே.

வேதவல்லி: அவரா? வருவார். சமையலறையில் ஒளிந்து கேட்டுக்கொண்டிருக்கிறார், ஆகவே நான் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை... முதல் ஆறு மாதம் அவருக்கு ஒரு வேலையும் கொடுக்காதீர்கள். பஸ்ஸில் மட்டும் அனுப்புங்கள்... சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான் சொல்கிறேன்.

ராகவேந்திரா: இவளுக்கு எப்படி அந்தம்மாவோட இவ்வளவு பழக்கம்?

வேதவல்லி: சிலேஷே நலம்தான். உங்கள் அண்ணன் மகள் இல்லாவிட்டால் என் வார்டே ஓடாது. அன்றைக்கு அந்த மூன்று மணி ஃபோனை அவள் சொல்லக் கேட்டு எல்லோரும் அப்படிச் சிரித்தோம்.

சுபாங்கன்: அண்ணை, கதிரையில இருங்கோ. தண்ணி தரட்டே?

வேதவல்லி: அறிக்கையா? படித்தேன் டாக்டர், எழுத்துப்பிழை பார்க்க எப்போதும் என்னிடம்தான் அனுப்புவார். பார்த்ததும் அவர் மறுபடி படிக்க மாட்டார்... பிடித்திருந்ததா? ரொம்ப சந்தோஷம். பதினேழாவது மட்டும்தான் நான் எழுதியது. மற்ற பதினாறும் அவருடையவை... அவற்றை நீங்கள் எக்காரணம் கொண்டும் நிறைவேற்றிவிடாதீர்கள்.